சால்வை வேண்டாம் என்கிற அப்பா

அன்புள்ள ஐயா,

என் அப்பா தீயணைப்புத் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தென்காசிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். வரும் ஏப்ரல் 14 அன்று அப்பாவுக்கும், அவரோடு ஓய்வு பெற்ற இரண்டு பேருக்கும் சால்வை போட்டுக் கேடயம் கொடுக்க வேண்டும் என்று எங்கள் தெருக்காரர்கள் ஆசைப்படுகிறார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அது செத்தவங்களுக்கான நாள். உயிரோட இருக்கிறவனுக்கு அன்னைக்கு எதுக்கு மாலை?" என்கிறார். ஒன்பதாவது படிக்கும் என் மகன் வேறொரு கேள்வி கேட்டான்: "பம்பாயில எப்பவோ செத்தவங்களுக்கு நம்ம ஊர் ஸ்டேஷன்ல எதுக்கும்மா அஞ்சலி?" இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா வேலையைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை, ஒரு வைக்கோல் போர் எரிந்த கதையைத் தவிர. மழைக்காலம் வந்தால் அவருக்கு இருமல் நிற்பதில்லை. அவரை நாங்கள் எப்படிக் கௌரவிப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மகனின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் அப்பா சொல்வதும் விளங்கும்.

1944 ஏப்ரல் 14. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பம்பாயின் விக்டோரியா கப்பல்துறையில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற சரக்குக் கப்பல் நின்றது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருள். கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகளும் அதே கப்பலில்தான். எண்ணெய், மரம், தங்கக் கட்டிகள்கூட இருந்தன. மதியச் சாப்பாட்டு வேளையை ஒட்டிப் புகை தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து குழாய்களை இறக்கினார்கள். ஏறக்குறைய 900 டன் தண்ணீர் உள்ளே போனது. அப்படியும் தீ எங்கே இருக்கிறது என்று பிடிபடவில்லை. கப்பலுக்குள் நின்ற தண்ணீரே கொதித்தது. கப்பலை வெளியே இழுத்துப் போவதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று அதிகாரிகள் முடிவுக்கு வர முடியாமல் நேரம் போனது. அந்த நேரம் முழுக்க ஓஸ் பிடித்தவர்கள் தங்கள் இடத்திலேயே நின்றார்கள். மாலை 4 மணி தாண்டிச் சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்துக்குள் இன்னொரு வெடிப்பு. சுற்றியிருந்த கப்பல்கள், கிடங்குகள், குடியிருப்புகள் எல்லாம் எரிந்தன. இறந்தவர்கள் பல நூறு பேர். அவர்களில் 66 பேர் தீயணைப்பு வீரர்கள்.

அந்த 66 பேரை வைத்துத்தான் நாடு முழுக்க எல்லா நிலையங்களிலும் அந்த நாளில் அஞ்சலி செலுத்துகிறார்கள். நம் ஊரில் அதை நீத்தார் நினைவு நாள் என்றும், அன்றிலிருந்து ஏழு நாட்களைத் தீத்தொண்டு வாரம் என்றும் சொல்கிறோம். பெரும்பாலும் சித்திரை ஒன்றும் அதே நாளில் வந்துவிடும். வீடுகளில் கனி பார்த்து, மாங்காய்ப் பச்சடி செய்துகொண்டிருக்கும் நேரத்தில் நிலையத்தில் பத்து நிமிடத்தில் அஞ்சலி முடிந்துவிடும். அதனால்தான் ஊருக்கு அது தெரிவதே இல்லை.

பம்பாய்க்கும் உங்கள் ஊருக்கும் என்ன தொடர்பு என்றால், உங்கள் அப்பா சொன்ன அந்த வைக்கோல் போர்தான். அவர் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் பக்கத்து வீட்டுக் களத்தில் போர் பற்றிக்கொண்டது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நாலு பக்கமும் தண்ணீரை ஊற்றி, ஜுவாலை அடங்கியதும் எல்லோரும் தீ அணைந்துவிட்டது என்று உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம்தான் வண்டி வந்தது. இறங்கியவர்களில் வயதில் மூத்தவர் முதலில் ஓஸை எடுக்கவில்லை. போரைச் சுற்றி வந்து, புகை எங்கிருந்து கசிகிறது என்று பார்த்தார். பிறகு, "போரைப் பிரிங்க" என்றார். வீட்டுக்காரருக்கு ஆத்திரம். மிச்சமிருப்பதையாவது காப்பாற்றக் கூடாதா என்று சண்டைக்குப் போனார். பெரியவர் பதில் பேசாமல் கொக்கியைப் போட்டு இழுத்தார். நடுவில் கங்கு செக்கச்செவேல் என்று கிடந்தது. மேலே ஊற்றிய தண்ணீர் ஒரு முழம்கூட உள்ளே இறங்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் நடு இரவில் மறுபடி பற்றி, காற்று அடித்த பக்கம் கூரைவீடுகள் போயிருக்கும். விடியும்வரை நின்று, கத்தை கத்தையாகப் பிரித்து நனைத்துவிட்டுத்தான் போனார்கள். என் அம்மா கொடுத்த நீர்மோரை அந்தப் பெரியவர் நின்றுகொண்டே குடித்தது இன்றும் கண்ணில் இருக்கிறது. அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்கு உறுத்துகிறது.

அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதியும் வைக்கோல் போரும் எரிகிற விதம் ஒன்றுதான். வெளியே அணைந்தாற்போல இருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். மேலிருந்து தண்ணீர் அடித்தால் அடியில் இருக்கிற கங்குக்குப் போய்ச் சேராது. களத்தில் போரைப் பிரித்துப் போட இடம் உண்டு. கப்பலின் அடித்தட்டில், வெடிபொருளுக்குப் பக்கத்தில், எதைப் பிரிப்பது? உங்கள் மகனை அப்பாவிடம் அனுப்பி, "தாத்தா, பஞ்சுப் பொதி எரிஞ்சா எப்படி அணைப்பீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். அவர் சொல்லி முடிக்கும்போது பம்பாய் அவனுக்குத் தூரமாக இருக்காது.

நம் மாநிலத்திலும் இப்படிப் போனவர்கள் உண்டு. 2012 பொங்கல் விடுமுறையில் சென்னையில் அரசு அலுவலகங்கள் இருக்கும் எழிலக வளாகத்தின் பழைய கலச மகாலில் தீப்பிடித்தது. அணைத்துக்கொண்டிருக்கும்போதே கூரை இடிந்து ஒரு வீரர் இறந்தார். கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் பலத்த காயத்தோடு தப்பி, குணமாகி மறுபடியும் வேலைக்கு வந்தார். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு பேக்கரித் தீயை அணைக்கப் போன இடத்தில் சிலிண்டர் வெடித்து ஒரு வீரர் போனார். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களும் பலர் கருகினார்கள். 2020 தீபாவளி அன்று விடிவதற்கு முன்பு, மதுரை தெற்கு மாசி வீதிப் பகுதியில் ஜவுளிக்கடை இருந்த பழைய கட்டடம் எரிந்து இடிந்தது. இடிபாட்டில் சிக்கி இரண்டு வீரர்கள் இறந்தார்கள். தீபாவளிக்கு ஊரெல்லாம் எண்ணெய் தேய்க்கிற நேரம் அது. பண்டிகை என்றால் இவர்களுக்கு லீவு கிடையாது, பாரா இரட்டிப்பாகும். உங்கள் வீட்டில் எத்தனை தீபாவளி அப்பா இல்லாமல் விடிந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

இந்த மூன்றையும் நான் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பழைய கட்டடத்தில் தீ எரிந்தால் சுவரையும் கூரையையும் நம்ப முடியாது. கடைக்குள் சிலிண்டர் இருந்தால் கூட்டத்தை முதலில் தள்ளி நிறுத்த வேண்டும். இந்தப் பாடத்துக்கு அவர்கள் கொடுத்தது உயிர். அஞ்சலி என்று இரண்டு நிமிடம் தலைகுனிந்து நிற்கிறோம், சரி. அவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதையும் அந்த இடத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். நேற்றுச் சேர்ந்த இளைஞன் அதைக் கேட்க வேண்டும்.

இனி உங்கள் அப்பா. அது செத்தவர்களுக்கான நாள் என்று அவர் சொல்வது சரி. அன்று அவர் கழுத்தில் மாலை விழுந்தால் அவர் கூசுவார். அந்தக் கூச்சத்தை மதியுங்கள். ஆனால் அன்று அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை முதல் நாள் காலையில் ஒரு தீயணைப்பு நிலையத்தைக் கடந்து போனேன். உள்ளே மலர்வளையம் வைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டி கட்டிய ஒரு முதியவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பணி ஓய்வு பெற்றவர் என்று நிற்கும் விதத்திலேயே தெரிந்தது. யாரும் அவரைத் துரத்தவில்லை. யாரும் உள்ளே கூப்பிடவும் இல்லை. அஞ்சலி முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனசு கேட்கவில்லை எனக்கு.

அதனால் தெருக்காரர்களிடம் ஒன்று சொல்லுங்கள். சால்வைக்கும் ஃபிளெக்ஸுக்கும் வைத்திருக்கும் பணம் இருக்கட்டும். முதலில் நிலைய அலுவலரைப் போய்ப் பார்த்து, ஓய்வு பெற்ற மூவரும் அன்று காலை உள்ளே, வரிசையில், பணியில் இருப்பவர்களோடு நிற்க அனுமதி கேளுங்கள். நாற்காலி போட்டு விருந்தாளியாக உட்கார வைக்க வேண்டாம். அந்த நிலையத்தில் வேலை பார்த்து இறந்தவர்களின் குடும்பம் பக்கத்தில் இருந்தால் அவர்களையும் அழையுங்கள். பணியில் இறந்தவர் என்றில்லை, ஓய்வுக்குப் பிறகு படுக்கையில் இறந்தவரின் மனைவியும் வரட்டும். அஞ்சலி முடிந்தபின் அப்பா அங்கிருக்கும் இளைஞர்களுக்கு, வேலையில் இருந்தபோது உதவி கேட்டு வந்த ஒரே ஒரு அழைப்பைப் பற்றிச் சொல்லட்டும். எந்தக் கிணறு, எந்தத் தெரு, யார் கூட இருந்தது, எது தப்பாகப் போனது. உங்கள் ஊர்ப் பக்கம் கிணற்றில் விழுந்தவரை எடுக்கிற வேலை நிறைய இருந்திருக்கும். உள்ளே விஷவாயு இருக்கும்போது, விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து மயங்கிச் சாவது அடிக்கடி நடக்கிறது. எதைப் பார்த்தால் இறங்கக் கூடாது என்று அவருக்கு 33 வருட அனுபவம் சொல்லும். அவர் மேடையில் பேசமாட்டார் என்று உங்கள் கடிதமே காட்டுகிறது. வண்டிப் பக்கத்தில் நின்று, ஓஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசச் சொன்னால் பேசுவார்.

அந்தப் பணத்தில் மூவருக்கும் ஒரு நல்ல நுரையீரல் பரிசோதனை செய்யுங்கள். இருமலை வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். எத்தனை வருடப் புகையை அந்த நெஞ்சு வாங்கியிருக்கிறது. மருத்துவரிடம் அவர் செய்த வேலை இன்னது என்று நீங்களே கூட இருந்து சொல்லுங்கள், அவர் சொல்லமாட்டார்.

மகனிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். தாத்தாவோடு வேலை பார்த்தவர்களின் பெயர்களை அவன் முதல் பக்கத்தில் எழுதட்டும். வைக்கோல் போர்க் கதையை அடுத்த பக்கத்தில் எழுதட்டும். எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அன்று போரைச் சுற்றி வந்து பார்த்த அந்தப் பெரியவர் என்ன நினைத்திருப்பார் என்று உங்கள் அப்பா வழியாகவாவது தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அப்பாவுக்கு என் வணக்கம்.