பழைய வீடு: எந்த ரிப்பேரை நாமே செய்யலாம், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

கேள்வி: போன வருடம் 40 வருடப் பழைய வீடு ஒன்றை வாங்கினோம். வீட்டுக் கடன் தவணை போய்க்கொண்டிருக்கிறது. கையில் இருப்பது 5 மாதக் குடும்பச் செலவுக்கான சேமிப்பு மட்டும். குடிவந்த பிறகுதான் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. ஹால் சுவரின் அடியில் பெயின்ட் உப்பி உதிர்கிறது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது. சமையலறை காங்கிரீட் கூரையில் துருக்கறை தெரிகிறது. இரண்டு சுவிட்சுகள் தொட்டால் சூடாக இருக்கின்றன. ஒப்பந்தக்காரர் ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொன்ன தொகை எங்கள் சேமிப்பைப் போல இரண்டு மடங்கு. வீடியோ பார்த்து நாங்களே செய்துவிடலாம் என்று நானும் மனைவியும் நினைக்கிறோம். சுவரில் ஆணி அடித்ததைத் தவிர எங்களுக்கு அனுபவம் இல்லை. சேமிப்பில் பாதியை எடுத்துக் கருவிகளும் பொருட்களும் வாங்கலாமா? இல்லை, தனிநபர் கடன் எடுத்து ஒப்பந்தக்காரரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: பணத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்த இரண்டு சுவிட்சுகளையும் பயன்படுத்துவதை இன்றே நிறுத்துங்கள். சுவிட்ச் சூடாவதற்குப் பெரும்பாலும் காரணம், உள்ளே ஒயர் இணைப்பு தளர்ந்திருப்பது, அல்லது அது தாங்கக்கூடியதைவிட அதிக லோடு போவது. தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், சூடு ஏறும், ஒயரின் உறை உருகும். வீட்டில் தீப்பிடிக்க இது போதும். தகுதியுள்ள எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். வந்தவரிடம் அந்த இரண்டு சுவிட்சை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா, ஒயரின் உறை நொறுங்குகிறதா, மின்சாரம் கசிந்தால் 30 மில்லியாம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் (RCCB) இருக்கிறதா என்று வீடு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கு ஆகும் செலவைச் சேமிப்பிலிருந்து தயங்காமல் எடுக்கலாம். அவசரக்கால சேமிப்பு இருப்பதே இப்படிப்பட்டவற்றுக்குத்தான்.

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் என் பதில், வேண்டாம் என்பதே. சேமிப்பில் பாதியைக் கருவிகளில் போட வேண்டாம். மொத்த வேலைக்கும் கடன் வாங்கவும் வேண்டாம். பட்டியலைப் பிரித்துப் பார்த்தால் வேறு வழி இருக்கிறது.

நாமே செய்தால் எவ்வளவு கூலி மிச்சம் என்றுதான் எல்லோரும் முதலில் கணக்குப் போடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: இந்த வேலையை நீங்கள் தப்பாகச் செய்துவிட்டால் என்ன ஆகும்? பெயின்ட் திட்டுத் திட்டாக வந்தால் இன்னொரு கோட் அடித்துக்கொள்ளலாம். சுவருக்குள் இருக்கும் குழாய் இணைப்பு சரியாக இறுகாவிட்டால், கசிவு வெளியே தெரியவே மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் பூச்சும் தரையும் கெட்டிருக்கும். மின்சாரத்தில் தப்பு நடந்தால் உயிரே போகலாம். மிச்சமாகும் கூலி ஒரே அளவாக இருந்தாலும் இந்த மூன்றும் ஒன்றல்ல.

சமையலறைக் கூரையின் துருக்கறைதான் உங்கள் பட்டியலில் எனக்கு அதிகக் கவலை தருவது. காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும்போது, துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கிறது. அந்த அழுத்தத்தில் காங்கிரீட் விரிசல் விட்டு, பொருக்காகப் பெயர்ந்து விழுகிறது. மேலே சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் கறை மறையும்; உள்ளே துரு ஏறுவது நிற்காது. கறை ஒரு கோடாக, கம்பி ஓடும் வழியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கட்டைக் கம்பின் முனையால் லேசாகத் தட்டிப் பாருங்கள். சத்தம் பொள்ளலாகக் கேட்டால் அதன் கீழே நிற்காதீர்கள். மேலே தண்ணீர் தேங்குகிறதா, அந்த இடத்துக்கு மேல் குளியலறை இருக்கிறதா என்றும் கவனியுங்கள். பிறகு கட்டுமானப் பொறியாளர் ஒருவருக்கு ஒரு முறை வந்து பார்ப்பதற்கான கட்டணத்தைக் கொடுத்துக் காட்டுங்கள். அவர் வேலை எடுத்துச் செய்பவராக இல்லாமல், ஆலோசனைக்கு மட்டும் பணம் வாங்குபவராக இருப்பது நல்லது. வேலையைப் பெரிதாக்கிச் சொல்ல அவருக்குக் காரணம் இருக்காது. பழைய வீடு வாங்கியவர்கள் செய்யும் செலவுகளில் இந்தக் கட்டணத்தைத்தான் நான் மிகவும் பயனுள்ளதாக நினைக்கிறேன்.

ஹால் சுவருக்கு வருவோம். உப்பிய பெயின்ட்டைச் சுரண்டி, பட்டி பார்த்து, மறுபடி பெயின்ட் அடிப்பதில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அடிக்கும் பெயின்ட் அடுத்த மழைக்கே உதிரும். கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு அடி சதுர அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கம், அதாவது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்குள்ளிருக்கும் ஈரக்காற்றுதான் காரணம். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுத்தாலே பாதி சரியாகும்.

சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது என்றால் குழாய்க் கசிவா என்று பாருங்கள். வீட்டில் தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் புழங்காமல் இருந்து, மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. நகரவில்லை என்றால் வெளிச்சுவரின் விரிசல், மழைநீர்க் குழாய், சுவரோரம் குவிந்திருக்கும் மண் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சுவரோர மண்ணை வெட்டி, தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுப்பது நீங்களே செய்யக்கூடிய வேலை. அது மட்டுமே போதுமாக இருந்த வீடுகளும் உண்டு.

சொட்டும் குழாயை நீங்களே சரிசெய்யுங்கள். பழைய திருகு குழாய்களில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர்தான் தேய்ந்திருக்கும். விநாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் வருடத்துக்குப் பல ஆயிரம் லிட்டர் வீணாகும், அதனால் தள்ளிப்போடாதீர்கள். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டுக்கு வரும் மெயின் வால்வு எங்கே இருக்கிறது, அது முழுதாக மூடுகிறதா என்று சோதியுங்கள். பல வருடம் திருப்பாத வால்வு இறுகிப்போயிருக்கும்; பலத்தைக் காட்டினால் தண்டு உடைந்து தண்ணீர் நிற்காமல் கொட்டும். அசையவில்லை என்றால் அதற்கு மட்டும் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

ஈரம் நின்று சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் வேலையையும் நீங்கள் இருவரே செய்யலாம். பெயின்ட் அடிப்பதில் செலவின் பெரும்பகுதி கூலிதான், அதனால் உண்மையான மிச்சம் அங்கேதான். ஒரு எச்சரிக்கை: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வரும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டில் சிறு குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், பெயின்ட்டைச் சோதித்துப் பார்க்காமல் சுரண்டவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எங்காவது இருந்தால் அதில் துளை போடவோ அறுக்கவோ கூடாது.

கருவிகள் விஷயத்தில் செட்டாக வாங்கும் ஆசையை அடக்குங்கள். ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், சுத்தியல், அளவு டேப், டெஸ்டர் போதும். டிரில் மாதிரியானவற்றை இரவலாகவோ வாடகைக்கோ எடுங்கள். மூன்றாவது முறையும் தேவைப்பட்டால் அப்போது நல்லதாகப் பார்த்து வாங்கலாம்.

இனி பணம். எலக்ட்ரீஷியனுக்கும் பொறியாளருக்கும் கொடுத்ததற்குப் பிறகும் குறைந்தது 3 மாதச் செலவுக்கான தொகை தொடாமல் இருக்க வேண்டும். வேலை போனாலும் உடம்புக்கு வந்தாலும் வீட்டுத் தவணை நிற்காது. அந்தத் தொகையோடு கலக்காமல், வீட்டுப் பராமரிப்புக்கென்று தனிக் கணக்கு தொடங்குங்கள். வருடத்துக்கு வீட்டு மதிப்பில் 1 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று ஒரு பொது விதி புழக்கத்தில் இருக்கிறது. நிலத்துக்கு ரிப்பேர் வராது, எனவே இதே கட்டடத்தை இன்று கட்டினால் ஆகும் செலவை வைத்துக் கணக்கிடுங்கள். உங்கள் வீட்டின் வயதுக்கு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வது பொருந்தும். 12-ஆல் வகுத்து, சம்பளம் வந்த அன்றே அந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். முழுத்தொகை முடியாவிட்டால் பாதியில் ஆரம்பியுங்கள்.

கடன் எப்போது சரி? கூரைக் கம்பிகளைச் சரிசெய்ய வேண்டும் என்றோ, ஒயரிங் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றோ சொன்னால், சேமிப்பு போதாத நிலையில் அந்த வேலைக்கு மட்டும் கடன் வாங்குவது நியாயம். தள்ளிப்போட்டால் சேதம் வளரும், செலவும் கூடும். அப்போதும் தனிநபர் கடனுக்குப் போகும் முன், வீட்டுக் கடன் கொடுத்த வங்கியிலேயே கூடுதல் கடன் கேளுங்கள். வட்டி பெரும்பாலும் குறைவாக இருக்கும். சொல்லப்படும் தொகைக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் கைவசம் இருக்கட்டும், பழைய வீட்டில் சுவரை உடைத்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். பெயின்ட், டைல்ஸ், அலமாரி போன்றவற்றுக்குக் கடன் வேண்டாம். அவை இரண்டு வருடம் காத்திருந்தாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

பொறியாளர் எழுதிக் கொடுப்பது கைக்கு வந்ததும் அதே ஒப்பந்தக்காரரிடம் போய், ஒவ்வொரு வேலைக்கும் பொருள் தனி, கூலி தனி என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். வேறு இரண்டு பேரிடமும் அதே பட்டியலுக்கு விலை கேளுங்கள். பெயின்ட்டும் குழாயும் நீங்களே செய்வதால் அவை அதில் வராது. மீதித் தொகை எவ்வளவு என்று தெரிந்ததும் எழுதுங்கள். கடன் தேவையா, எவ்வளவு வரை தாங்கும் என்று உங்கள் தவணையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.