ஆன்னா மே வோங்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன மாதம் ‘பிக்காடிலி’ என்ற மௌனப் படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதில் நடித்த அமெரிக்க நடிகை ஆன்னா மே வோங் யார், பிறகு என்ன ஆனார் என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். இருபது வருடமாகப் பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்த்துவருகிறேன். அதில் என் மனசுக்கு மிக நெருக்கமான முகம் இவருடையது. வந்த கேள்விகளை இங்கே வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, இவர் சீனாவிலிருந்து ஹாலிவுட்டுக்கு வந்தவர்தானே?

பதில்: இல்லை தம்பி, லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவர். 1905 ஜனவரி 3. அவருடைய அப்பா, அம்மாவே கலிஃபோர்னியாவில் பிறந்தவர்கள்தான். வீட்டில் வைத்த பெயர் வோங் லியு சோங். சீன வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும். அப்பா சலவைக் கடை வைத்திருந்தார்.

உங்களுக்கு வந்த அதே சந்தேகம் அமெரிக்க அரசுக்கும் இருந்தது என்பதுதான் வருத்தம். சீனர்கள் குடியேறுவதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1882இலிருந்து 1943வரை நடப்பில் இருந்தது. அங்கேயே பிறந்த குடிமக்களும் வெளிநாடு போவதென்றால், திரும்பி வரும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ள 430ஆம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பலேற வேண்டும். அந்தப் படிவத்தின் தலைப்பே ‘அமெரிக்கக் குடிமகன் என்று சொல்லிக்கொள்ளும் சீன இனத்தவர்’ என்ற அர்த்தத்தில்தான் இருக்கும். உலகமெல்லாம் முகம் தெரிந்த நடிகையாக ஆன பிறகும் அவர் அதை நிரப்பினார்.

கேள்வி: சினிமாவுக்குள் எப்படி நுழைந்தார்? வீட்டில் விட்டார்களா?

பதில்: அப்பாவுக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களிலேயே படப்பிடிப்பு நடக்கும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே போய் நின்று வேடிக்கை பார்ப்பார். மதியச் சாப்பாட்டுக்குக் கொடுத்த காசும் சினிமா டிக்கெட்டுக்குப் போய்விடும். ‘எதையும் துருவித் துருவிப் பார்க்கும் சீனக் குழந்தை’ என்று படப்பிடிப்புக்காரர்கள் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். 1919இல் வந்த ‘தி ரெட் லாண்டர்ன்’ படத்தில் விளக்கேந்தி வரும் கூட்டத்தில் ஒருத்தியாக முதன்முதலில் நின்றார். பெயர்கூட வராத வேடம்.

மூன்றே வருடத்தில், 17 வயதில், ‘தி டோல் ஆஃப் தி சீ’ படத்தில் கதாநாயகி. டெக்னிகலர் என்ற வண்ணப்பட நிறுவனத்தின், இரண்டே வண்ணங்களை வைத்துப் படம் காட்டும் பழைய முறையில் எடுத்தது. கரை ஒதுங்கிய அமெரிக்கனைக் காப்பாற்றி, நேசித்து, அவன் கைவிட்டுப் போன பின் பெற்ற பிள்ளையையும் அவன் மனைவியிடமே ஒப்படைக்கும் பெண். மௌனப் பட நடிப்பென்றால் கையை வீசி மார்பில் அறைந்துகொள்வது என்று நினைக்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். காமிரா இருப்பதே தெரியாதவர்போல் நடித்திருக்கிறார் என்று நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் அப்போதே வியந்தார். 1924இல் பிரபல நடிகர் டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸின் ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’ வந்தது. அதில் மங்கோலிய அடிமைப் பெண்ணாகச் சின்ன வேடம்தான், ஆனால் ஊரெல்லாம் அவரைத் தெரிந்துகொண்டது.

கேள்வி: இவ்வளவு பெயர் வாங்கியவர் 1928இல் ஏன் ஐரோப்பாவுக்குப் போனார்?

பதில்: பெயர் வந்தது, வேடம் வரவில்லை. பணிப்பெண், அடிமை, சூழ்ச்சிக்காரி, கடைசி ரீலில் சாவு. சீனக் கதாநாயகி தேவைப்படும் படத்திலும் வெள்ளைக்கார நடிகையின் கண்ணோரத்தை ஒப்பனையால் இழுத்துவிட்டு நடிக்கவைப்பார்கள். இவரை ஓரத்தில் நிறுத்துவார்கள்.

பெர்லினில் அவருக்காகவே கதை எழுதினார்கள். ரிச்சர்ட் ஐஷ்பெர்க் இயக்கிய படங்களில் நாயகி ஆனார். சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் நேரில் சந்தித்துக் கட்டுரை எழுதினார். 1929இல் லண்டன் மேடையில் ஆங்கில நடிகர் லாரன்ஸ் ஒலிவியேவோடு நடித்தபோது, வோங்கின் அமெரிக்க உச்சரிப்பைப் பத்திரிகைகள் குறை சொல்லின. உடனே ஆசிரியர் வைத்து உச்சரிப்பைப் பழகிக்கொண்டார். அப்புறம் 1930இல் அவருடைய முதல் பேசும் படம் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு என்று மூன்று மொழிகளில் தனித்தனியாக எடுக்கப்பட்டபோது, மூன்றிலும் சொந்தக் குரலில் பேசினார். பத்து வருடம் முன்னால் பள்ளிக்கூட மாணவி. இந்த உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

கேள்வி: சம்பளம் எப்படி மேடம்? மற்றவர்களுக்குச் சமமாகக் கொடுத்தார்களா?

பதில்: ‘டாட்டர் ஆஃப் தி டிராகன்’, 1931. இவர்தான் தலைப்பில் வரும் மகள். இவருக்கு 6,000 டாலர். உடன் நடித்த ஜப்பானிய நடிகர் செஸ்ஸூ ஹயகாவாவுக்கு 10,000. சீன அப்பாவாக வேடம் போட்டு, படத்தின் ஆரம்பப் பகுதியிலேயே செத்துப்போகும் ஸ்வீடன்காரர் வார்னர் ஓலண்டுக்கு 12,000. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: ‘தி குட் எர்த்’ படத்தில் அவருக்கு வர வேண்டிய வேடம் பறிபோனது என்கிறார்களே, உண்மையில் நடந்தது என்ன?

பதில்: அதிகம் பேர் கேட்டது இதைத்தான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பேர்ல் பக் அதே பெயரில் எழுதிய நாவல் 1931இல் வந்தது. சீன விவசாயி வாங் லுங், அவன் மனைவி ஓ-லான், இவர்கள் மண்ணோடு படும் பாடு. எம்ஜிஎம் ஸ்டுடியோ அதைப் படமாக்கப்போகிறது என்ற செய்தி வந்ததும், ஓ-லான் வேடம் தனக்கு வரும் என்று வோங் நம்பினார். நம்பியதில் தப்பே இல்லை. ஹாலிவுட்டில் அன்று அந்த அளவு பெயரும் அனுபவமும் உள்ள சீன நடிகை வேறு யாருமில்லை.

கணவன் வேடத்துக்கு பால் முனி என்ற வெள்ளை நடிகரைப் போட்டார்கள். கதவு அங்கேயே மூடிவிட்டது. அப்போது படக் கம்பெனிகள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட தணிக்கை விதிகள் 1934இலிருந்து கறாராக நடப்புக்கு வந்திருந்தன. இனம் மாறிய காதலைத் திரையில் காட்டக் கூடாது என்பது அதில் ஒன்று. விதியின் வாசகம் வெள்ளையர், கறுப்பர் என்றுதான் சொன்னது. நடைமுறையில் ஆசியர்களையும் சேர்த்தே பார்த்தார்கள். இரண்டு பேரும் சீனராகத்தானே நடிக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றும். அவர்கள் பார்த்தது வேடத்தை இல்லை, ஆளின் தோலை. கணவனாக நடிப்பவர் வெள்ளையர் என்றால் மனைவியாக நடிப்பவரும் வெள்ளையராக இருக்க வேண்டும்.

ஓ-லான் வேடம் லூயிஸ் ரெய்னருக்குப் போனது. வோங்கை லோட்டஸ் வேடத்துக்குப் பார்த்தார்கள். குடும்பத்தைக் கெடுக்க வரும் இரண்டாம் மனைவி. சீன ரத்தம் உள்ள என்னை, படத்தில் வெறுக்கத்தக்க ஒரே பாத்திரத்தை மட்டும் செய்யச் சொல்கிறீர்களே என்ற பொருளில் சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1937இல் படம் வந்தது. ரெய்னருக்கு ஆஸ்கர் கிடைத்தது. ரெய்னர் நல்ல நடிகை, அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் வோங்கின் வாழ்க்கை என்றாலே இந்த ஒரு ஏமாற்றத்தைப் பேசிவிட்டு நிறுத்திக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. கிடைக்காத படத்தைவிட அவர் நடித்த படங்கள்தான் அவரைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

கேள்வி: அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். பழிவாங்கும் சீனப் பெண், மயக்கும் சீனப் பெண் என்று தன் இனத்தையே மோசமாகக் காட்டும் வேடங்களை அவரும் ஏற்றுக்கொண்டாரே. அவருக்கும் அதில் பங்கு உண்டல்லவா?

பதில்: கோபம் எதற்கு, நியாயமான கேள்வி. அன்றைக்குச் சீனாவிலும் இதைத்தான் கேட்டார்கள். ‘டாட்டர் ஆஃப் தி டிராகன்’ எனக்கும் சங்கடம் தரும் படம்தான். அதே நேரத்தில், திரையில் சீனன் எப்போதும் வில்லனாகவே ஏன் வர வேண்டும் என்று 1933இல் லண்டன் பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகக் கேட்டவரும் அவர்தான். ஸ்டுடியோக்களைப் பகைத்துக்கொண்டால் வேலை போய்விடும் காலத்தில் அப்படிப் பேசினார்.

‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ (1932) பாருங்கள். நாயகி மார்லீன் டீட்ரிக்குக்காகவே விளக்கமைத்து எடுத்த படம். ரயில் பெட்டியில் வோங் உட்கார்ந்து தனியாகச் சீட்டு அடுக்கிக்கொண்டிருப்பார். வசனம் மிகக் குறைவு. அவரை அருவருப்பாகப் பார்க்கும் சகபயணிகளை அவர் நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு பார்வை போதும். எழுதித் தந்த பாத்திரத்தில் இல்லாத மானத்தை அவர் தன் உடம்பால் எழுதிச் சேர்த்தார். என் கணக்கில் பங்கு என்பது இதுதான்.

1937இலிருந்து பாரமவுண்ட் ஸ்டுடியோவோடு சேர்ந்து எடுத்த சின்ன பட்ஜெட் படங்களில் அவருக்கு வேண்டியது கொஞ்சம் கிடைத்தது. ‘டாட்டர் ஆஃப் ஷாங்காய்’ படத்தில் ஆள்கடத்தல் கும்பலைத் தேடிப் பிடிக்கும் பெண். ஜோடியாக வருபவர் கொரிய அமெரிக்கரான ஃபிலிப் ஆன். இரண்டு பேரும் உயிரோடு, சந்தோஷமாகப் படத்தை முடிக்கிறார்கள்! 2006இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படம் சேர்க்கப்பட்டது. ‘கிங் ஆஃப் சைனாடவுன்’ (1939) படத்தில் அறுவை சிகிச்சை நிபுணர். போர்க்காலத்தில் 1942இல் நடித்த இரண்டு படங்களின் சம்பளத்தைச் சீன நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார்.

கேள்வி: சீனாவுக்கு ஒரு தடவையாவது போனாரா?

பதில்: 1936இல். வாழ்க்கையில் முதல் தடவை. வீட்டில் பேசியது தென் சீனாவின் தைஷான் வட்டாரத்துச் சீனம். ஷாங்காயில் அது செல்லவில்லை, மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. வரவேற்பும் கிடைத்தது, வசவும் கிடைத்தது. பீக்கிங்கில் (இன்றைய பெய்ஜிங்) நாடகக் கலையைக் கவனித்துப் படித்தார், பூர்வீக கிராமத்துக்கும் போனார். அந்தப் பயணத்தைக் காமிராமேனை வைத்துப் படம்பிடித்திருந்தார். இருபது வருடம் கழித்து அது அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவருடைய குரலோடு வந்தது.

கேள்வி: திருமணம்?

பதில்: செய்துகொள்ளவில்லை. சீனருக்கும் வெள்ளையருக்கும் நடக்கும் திருமணம் கலிஃபோர்னியாவில் 1948வரை செல்லாது என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். மற்றது அவர் சொந்த விஷயம்.

கேள்வி: அவர் நடித்த டிவி தொடரை எங்கே பார்க்கலாம் மேடம்? எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

பதில்: எழுதவே கஷ்டமாக இருக்கிறது. எங்கும் பார்க்க முடியாது. 1951 ஆகஸ்டிலிருந்து நவம்பர்வரை டுமாண்ட் தொலைக்காட்சியில் வந்த அரைமணி நேரத் தொடர், ‘தி கேலரி ஆஃப் மேடம் லியு சோங்’. கலைக்கூடம் நடத்தியபடியே குற்றங்களைத் துப்புத் துலக்கும் சீனப் பெண். ஆசிய அமெரிக்கர் ஒருவரை மையமாக வைத்து அங்கே வந்த முதல் தொடர். பாத்திரத்தின் பெயரைப் பாருங்கள்: அப்பா அம்மா வைத்த பெயர். முப்பது வருடத்துக்கு மேல் மற்றவர்கள் கொடுத்த பெயர்களில் நடித்தவர், 46 வயதில் சொந்தப் பெயரோடு திரையில் வந்தார்.

டுமாண்ட் 1956இல் மூடப்பட்டது. அதன் பதிவுகளில் பெரும் பகுதி 1970களில் லாரிகளில் ஏற்றப்பட்டு நியூயார்க் துறைமுகத்துத் தண்ணீரில் கொட்டப்பட்டதாக நடிகை ஈடி ஆடம்ஸ் 1996இல் ஒரு விசாரணையில் சாட்சி சொன்னார். இந்தத் தொடரில் ஒரு அத்தியாயம்கூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகும் அவர் டிவியில் நடித்தார். 1956இல் வில்லியம் வைலர் டிவிக்காக இயக்கிய ‘தி லெட்டர்’ அதில் முக்கியமானது.

கேள்வி: எப்படி இறந்தார்? அவருக்கு ஏதாவது கௌரவம் செய்தார்களா?

பதில்: 1961 பிப்ரவரி 3, சாண்டா மோனிகா வீட்டில் தூக்கத்திலேயே, மாரடைப்பு. வயது 56. அதற்கு ஒரு வருடம் முன்னால்தான் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் நட்சத்திரம் பதித்தார்கள். 2022இல் அமெரிக்காவின் கால் டாலர் நாணயத்தில் அவர் முகம் வந்தது, அந்த நாட்டுப் புழக்க நாணயத்தில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கர். 430ஆம் எண் படிவத்தை நிரப்பச் சொன்ன அரசு அச்சடித்த நாணயம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து பார்க்க நினைக்கிறேன். எந்தப் படத்தில் தொடங்கலாம்?

பதில்: இரண்டு படம் சொல்கிறேன் சகோதரி. முதலில் ‘பிக்காடிலி’ (1929). லண்டன் இரவு விடுதியின் பாத்திரம் கழுவும் அறையில், மேஜைமேல் ஏறி நின்று, கிழிந்த காலுறையோடு அவர் ஆடும் காட்சி வரும். அவசரமே இல்லாத ஆட்டம். சுற்றி நிற்பவர்கள் கை வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் பார்த்தேன்.

அடுத்து ‘தி டோல் ஆஃப் தி சீ’, ஒரு மணி நேரம்கூட ஆகாது. கைக்குட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசிச் சுருள்கள் தொலைந்துபோயிருந்தன. 1985வாக்கில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தார் படத்தைப் புதுப்பித்தபோது, பழைய இரு வண்ணக் காமிரா ஒன்றை எடுத்துக்கொண்டு பசிபிக் கரைக்குப் போய், சூரியன் சாயும் கடலைப் படம்பிடித்து முடிவாகச் சேர்த்தார்கள். கடைசியில் நீங்கள் பார்க்கப்போவது அந்தக் கடலை.