கமக்கட்டில் புதுக் கணு வைத்தால் கைவீக்கம் முழுதாக வற்றுமா?

மார்புப் புற்றுநோய் ஒப்பரேஷனுக்குப் பிறகு அம்மாவின் கை வீங்கிவிட்டது, தொடையிடுக்கில் இருந்து நிணநீர்க் கணுவை (உடலில் தேங்கும் நீர் வடிந்து போகும் வழியில் உள்ள சிறு முடிச்சு) எடுத்துக் கமக்கட்டில் வைத்தால் முழுதாகச் சுகம் வருமா என்று திருகோணமலையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள்.

முழுதாக வராது. வீக்கம் குறையலாம், அடிக்கடி காய்ச்சலோடு கை சிவக்கும் கிருமித்தொற்றும் குறையலாம். கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையைக் கழற்றி எறியத்தான் இந்த யோசனை என்றால் விட்டுவிடுங்கள்.

திடீரென்று கூடிய வீக்கமென்றால், நோய் திரும்பவில்லை, நாளத்தில் இரத்தம் உறையவில்லை என்பதை டொக்டர் முதலில் உறுதிசெய்ய வேண்டும். பிறகு பெருவிரலால் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் நீர். விழாவிட்டால் கொழுப்பும் நாரும் சேர்ந்துவிட்டன. அதை எந்தக் கணுவும் உறிஞ்சாது. அதற்குக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்ஷன், பிறகு ஆயுள் முழுக்க உறை.

நீர் என்றாலும் உடனே கத்தி வேண்டாம். நீட்சி குறைந்த பண்டேஜால் சில வாரம் கட்டி வற்றவைக்க வேண்டும். பார்மசியில் கிடைக்கும் கிரேப் பண்டேஜ் இதற்கு ஆகாது: சும்மா இருக்கும்போது இறுக்கும், தசை வேலை செய்யும்போது விட்டுக்கொடுக்கும். வேண்டியது நேர் எதிர். ("கிரேப் கட்டியே எனக்குக் குறைந்தது" என்று எழுத வருபவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஒரு கைக்குச் சரிவந்தது எல்லாக் கைக்கும் வராது.)

ஒப்பரேஷனில் தொடையிடுக்குக் கணுக்களைக் கொழுப்போடும், இரத்தம் கொண்டுவரும் நாடியோடும், கொண்டுபோகும் நாளத்தோடும் எடுப்பார்கள். கமக்கட்டின் தழும்பை வெட்டி நீக்கி, மைக்ரோஸ்கோப்பின் கீழ் அந்தக் குழாய்களை அங்குள்ள குழாய்களோடு தைப்பார்கள். பெரிய ஆபத்து கணு எடுத்த பக்கத்தில்தான்: காலின் நீரை வடிக்கும் கணுவைத் தவறி எடுத்தால் கால் வீங்கும். அதனால் காலின் கணுவைக் கண்டுபிடிக்கப் பாதத்தில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளும், அடிவயிற்றில் ஐசிஜி என்ற மிளிரும் சாயமும் ஏற்றுவார்கள். மிளிரும் கணுவை எடுக்கலாம். கதிர்க்கருவி கத்தும் கணுவைத் தொடக்கூடாது. இதைச் செய்வார்களா என்று சர்ஜனிடம் கட்டாயம் கேளுங்கள். வயிற்றுக் கொழுப்புத்திரையில் இருந்து எடுத்தால் இந்தப் பயமில்லை, ஆனால் வயிற்றுக்குள்ளே ஒப்பரேஷன் செய்ய வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் கமக்கட்டில் வைத்த துண்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஊதா நிறமானால் நாளம் அடைத்தது, வெளிறிக் குளிர்ந்தால் நாடி. இரண்டுக்கும் உடனே மறுபடி தியேட்டர். துண்டு தப்பினால், பலன் தெரிய ஆறு மாதம், சிலருக்கு வருடத்துக்கு மேல்.

இடையில் ஒன்று: இந்தக் கைவீக்கத்தை யானைக்கால் என்று சொல்லி அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்காத சனம் இன்னும் இருக்கிறது. யானைக்கால் நுளம்பால் வருவது. கை கொடுத்தால் அதுவும் தொற்றாது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து அதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது.

வெக்கையான கச்சான் காத்துக் காலத்தில் உறை போடுவது கொடுமைதான். இரண்டு சோடி வைத்துக்கொள்ளுங்கள். நிழலில் உலர்த்துங்கள், ஆறு மாதத்தில் மாற்றுங்கள். கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணீரை அந்தக் கையில் ஊற்ற விடாதீர்கள். சூட்டுக்கு இரத்த ஓட்டம் கூடும், வீக்கமும் கூடும்.