பர்ப்பிள் மார்ட்டின் கேள்வி பதில்: கூடு வைத்தும் பறவை வரலையா?

ராக்கி மலைகளுக்குக் கிழக்கே வாழும் பர்ப்பிள் மார்ட்டின்கள் இன்று அநேகமாக முழுக்க முழுக்க மனிதர் வைக்கும் கூடுகளில்தான் முட்டையிடுகின்றன. வட அமெரிக்கத் தகைவிலான்களில் (ஸ்வாலோ பறவைகளில்) இதுதான் பெரியது. வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி (டல்லாஸ்): மூணு வருஷமா கூடு வெச்சிருக்கேன், ஒண்ணுகூட எட்டிப் பார்க்கலை. வேற கூடு வாங்கணுமா?

வாங்க வேண்டாம், முதலில் இடத்தைப் பாருங்கள். கூடு மாட்டிய கம்பத்தைச் சுற்றி 40 அடிக்குள் உயரமான மரமே இருக்கக்கூடாது. 60 அடி கிடைத்தால் இன்னும் நல்லது. மார்ட்டின் வானத்தில் வட்டமடித்துத்தான் கூட்டுக்கு இறங்கும். பக்கத்திலேயே மரம் இருந்தால் வல்லூறு இலை மறைவில் காத்திருந்து பாய்ந்துவிடும். அதற்காகக் கம்பத்தைக் கண்ணுக்கெட்டாத மூலைக்குத் தள்ளிவிடவும் கூடாது. வீட்டிலிருந்து 30 முதல் 120 அடிக்குள் இருக்கட்டும், ஆள் நடமாட்டம் அவற்றுக்குக் காவல். உயரம் 12 முதல் 15 அடி போதும். கம்பத்தில் கொடி ஏறவிடாதீர்கள்.

இன்னொரு தவறும் நடந்திருக்கலாம். பிப்ரவரியில் உங்கள் ஊருக்கு முதலில் வரும் மூத்த பறவைகள் தங்கள் பழைய கூட்டுக்கே போய்விடும். புது இடம் தேடுபவை பெரும்பாலும் போன வருஷக் குஞ்சுகள். அவை பல வாரம் பிந்தித்தான் வரும். ஏப்ரலில் சலித்துப்போய்க் கூட்டை இறக்கினால் அதோடு அந்த வருஷம் போச்சு. ஜூன் கடைசி வரை விட்டு வையுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய கூட்டில் ஒவ்வோர் அறையும் 6 அங்குலம் நீளம், 6 அங்குலம் அகலம். போதுமா?

குடியிருக்கும், ஆனால் குஞ்சு தப்புவது கடினம். ஆந்தை வாசலில் காலை நுழைத்துத் துழாவும்; மழைச்சாரலும் கூடு வரை போகும். இரண்டு அறைக்கு நடுவிலுள்ள தடுப்பை வெட்டி 12 அங்குல ஆழமாக்கி, பின்னறையின் வாசலை அடைத்துவிடுங்கள். வெளியே வெள்ளை பெயின்ட் அடித்தால் கோடை வெப்பம் குறையும். சுரைக்குடுக்கையும் அருமையான கூடு. சாக்டா, சிக்கசா என்ற அமெரிக்கப் பழங்குடியினர் தொங்கவிட்டதும் அதைத்தான்.

கேள்வி (நியூ ஜெர்சி): சிட்டுக்குருவி வந்து உட்கார்ந்துவிட்டது. பாவம், இருந்துவிட்டுப் போகட்டுமா?

நம் ஊரில் சிட்டுக்குருவியைக் காணோமே என்று ஏங்கிய மனசுக்கு இது கஷ்டம்தான். ஆனால் வட அமெரிக்காவில் அது 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்ட பறவை. மார்ட்டின் முட்டையைக் கொத்தும், குஞ்சையும் கொல்லும். 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் விடப்பட்ட ஸ்டார்லிங்கும் (நம் மைனாவின் உறவு) அதே ரகம்.

ஸ்டார்லிங்கை வாசலிலேயே நிறுத்தலாம். வட்டத் துளைக்குப் பதில் 3 அங்குல அகலமும் 30 மில்லிமீட்டர் உயரமும் உள்ள பிறை வடிவத் துளை வையுங்கள். அதன் அடிவிளிம்பு அறையின் தரையை ஒட்டி இருக்க வேண்டும். குட்டைக்கால் மார்ட்டின் தவழ்ந்து நுழைந்துவிடும், ஸ்டார்லிங்குக்குத் தோள் இடிக்கும். 2 மில்லிமீட்டர் கூடினாலும் அது உள்ளே வந்துவிடும், ஆகவே அளவுகோல் வைத்தே வெட்டுங்கள்.

சிட்டுக்குருவியை எந்தத் துளையும் தடுக்காது. அதன் கூட்டை மறுபடி மறுபடி அகற்றுவதுதான் வழி. கை வைக்குமுன் யாருடைய கூடு என்று உறுதி செய்யுங்கள். புல், இறகு, காகிதம் எல்லாம் கூரை வரை அடைத்திருந்து முட்டையில் புள்ளி இருந்தால் சிட்டுக்குருவி. தட்டையான கூடு, வாசலோரம் மண் வரப்பு, பச்சை இலை, தூய வெள்ளை முட்டை என்றால் மார்ட்டின். 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் மார்ட்டினைப் பாதுகாக்கிறது. மற்ற இரண்டுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: மார்ட்டின் வந்தால் கொசு ஒழியுமா?

ஒழியாது. மார்ட்டின் பகலில் உயரத்தில் பறந்து தும்பி, வண்டு, ஈசல் பிடிக்கும். கொசு இருட்டும் நேரத்தில் தாழப் பறக்கும்.

கேள்வி: பாம்பு ஏறாமலிருக்கக் கம்பத்தில் கிரீஸ் தடவலாமா?

வேண்டாம். இறகில் ஒட்டினால் பறவைக்கு ஆபத்து, வெயிலில் காய்ந்தால் பாம்புக்குத் தடையுமில்லை. 8 அங்குல விட்டமும் குறைந்தது 2 அடி நீளமும் உள்ள தகரக் குழாயைக் கம்பத்தைச் சுற்றித் தரையிலிருந்து 4 அடி உயரத்தில் மாட்டி, மேல்வாயை மூடுங்கள். ரக்கூனுக்கும் (மரமேறும் வட அமெரிக்க விலங்கு) இதுவே தடை.

கேள்வி (ஒகையோ): ஏப்ரல் குளிரில் பறவைகள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கின்றன. உணவு வைக்கலாமா?

50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே பறக்கும் பூச்சி அநேகமாக இராது. இரண்டு மூன்று நாள் அப்படியே நீடித்தால் பறவைகள் பட்டினியால் சாகக்கூடும். தட்டில் வைத்தால் முதலில் தொடாது, பறப்பதுதான் அதற்கு உணவு. கடையில் விற்கும் வெட்டுக்கிளி வகைப் பூச்சியையோ, உப்பில்லாமல் கிளறிய முட்டையைப் பட்டாணி அளவிலோ அவற்றுக்கு மேலே வீசுங்கள். ஒன்று பிடித்துவிட்டால் மற்றவை பார்த்துக் கற்றுக்கொள்ளும். பிறகு தட்டிலும் வைக்கலாம்.

கேள்வி: கூட்டைத் திறந்து பார்த்தால் தாய் கைவிட்டுவிடுமா?

விடாது. வாரத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்து, குஞ்சு பொரித்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைகாப்பு 15, 16 நாள். குஞ்சுக்கு 22 நாள் ஆனபின் கதவைத் தொடாதீர்கள். பறக்கப் பழகாமலே பயந்து குதித்துவிடும்.