இறால் ஓடு, ஆரஞ்சுத் தோல், தவிட்டு மெழுகு: பழப்பூச்சு பற்றிச் சில கேள்விகள்

உணவு ஆலைகளில் மிஞ்சுவதைக் கொண்டு, பழத்தோடு சேர்த்தே சாப்பிடக்கூடிய மேல்பூச்சு தயாரிப்பது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, குளிர்சாதனம் இருக்கும்போது பூச்சு எதற்கு?

பறித்த பிறகும் பழம் மூச்சு விடுகிறது, நீரை இழக்கிறது. மெல்லிய படலம் இரண்டையும் மட்டுப்படுத்தும். மாங்காயை அதிகக் குளிரில் வைத்தால் தோல் கருத்துவிடும். அங்கே பூச்சு கைகொடுக்கும்.

இறால் ஓட்டையா பழத்தில் பூசுகிறார்கள்?

அப்படியே இல்லை. ஓட்டில் சுண்ணாம்பும் புரதமும், கைட்டின் என்னும் நார்போன்ற பொருளும் பின்னிக் கிடக்கும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் நுரை பொங்கிச் சுண்ணாம்பு கரையும். நீர்த்த காஸ்டிக் சோடாவில் புரதம் போகும். மிஞ்சும் கைட்டினை 40-50 சதவீத காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால், பூச்சுக்கு வேண்டிய கைட்டோசான் கிடைக்கும். அது வெறும் தண்ணீரில் கரையாது. 1 சதவீத அசெட்டிக் அமிலத்தில் கரைந்து, வடித்த கஞ்சி போல வழவழவென்று வரும். அமிலத்தில் அதற்கு நேர்மின்னூட்டம் உண்டு, அதனால் பூஞ்சையின் செல்சவ்வில் ஒட்டி அதைக் குலைக்கும். மற்ற பூச்சுகள் பெரும்பாலும் தடுப்புச் சுவர்தான், இது அழுகலோடு சண்டையும் போடுகிறது. எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் அதனால்தான். தயவுசெய்து வீட்டில் முயல வேண்டாம், அந்தக் காஸ்டிக் தோலைப் பொசுக்கிவிடும்.

கெட்டியாகப் பூசினால் இன்னும் நாள் தாங்குமா?

தாங்காது. ஆரம்பத்தில் நானும் அப்படி நினைத்து, மாங்காய்களை இருமுறை முக்கி எடுத்தேன். சில நாள் கழித்து அறுத்தால் தோல் பச்சையாகவே இருந்தது, உள்ளே கள் வாடை. ஆக்ஸிஜன் கிடைக்காமல் சதை புளித்துவிட்டது. பழத்துக்கு மூச்சு குறையலாம், நிற்கக் கூடாது.

நாங்கள் சைவம். பனீர் வடித்த தண்ணீர் சரிப்படுமா?

அதில் புரதம் கொஞ்சம்தான். பாலைக் கொதிக்கவிட்டுத் திரிக்கும்போது ஊநீர்ப் புரதத்தில் (பால் திரிந்தபின் வடியும் நீரில் இருக்கும் புரதம்) பெரும்பகுதி பனீரோடு போய்விடும். ரென்னெட் (பாலைத் திரிக்கும் நொதி) ஊற்றிச் செய்யும் சீஸின் ஊநீரில்தான் அது மிஞ்சும். அதையும் அப்படியே பூசினால் அதிலுள்ள பால் சர்க்கரையான லாக்டோஸில் பூஞ்சை பிடிக்கும், புரதத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். உங்களுக்கு ஆரஞ்சுத் தோல் பெக்டினும் (ஜாமை இறுக வைக்கும் பொருள்), தவிட்டு எண்ணெய் ஆலையில் ஒதுங்கும் மெழுகும் பொருத்தம். பெக்டின் மட்டும் போட்டால் நீராவி கசியும், மெழுகு அதை அடைக்கும்.

விற்கலாமா?

நம் இந்திய விதிகள் புதுப் பழங்களுக்குப் பெயர் சொல்லி அனுமதிப்பவற்றில் தேன்மெழுகு, கார்னௌபா மெழுகு (ஒருவகைப் பனை இலையிலிருந்து வருவது), அரக்கு மெழுகு ஆகியவை உண்டு. வேறு எதுவானாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். இறாலோ பாலோ மூலப்பொருளாக இருந்தால் லேபிளில் அதைக் கட்டாயம் எழுதுங்கள். ஒவ்வாமை உள்ளவர் பழத்தில் இறாலைத் தேட மாட்டார்.