களையெடுப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் பூங்காவில் உண்ணிச்செடி (லன்டானா) மண்டிக் கிடக்கிறது. தன்னார்வலர்களாகச் சேர்ந்து அதை அகற்றி, இயல்தாவரங்களை, அதாவது இம்மண்ணுக்கே உரிய செடிகொடிகளை, மீட்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: புதர் அடர்ந்த இடத்தில் முதலில் கை வைக்காதீர்கள். 1960களில் சிட்னியில் ஜோன், எய்லீன் பிராட்லி சகோதரிகள் உருவாக்கிய முறைப்படி, இயல்தாவரங்கள் ஓரளவு நன்றாக இருக்கும் பகுதியில் தொடங்கி, மண்ணை அதிகம் கிளறாமல் களையெடுத்து, அவ்விடத்தை அத்தாவரங்களே நிரப்பிய பிறகுதான் அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். ஆர்வத்தில் மொத்தத்தையும் ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால், வெயில் படும் வெறுந்தரையில் களை விதைகளே முந்தி முளைக்கும். உண்ணிச்செடியோ, தரைமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆகவே தண்டும் வேரும் கூடுமிடத்துக்குச் சற்றுக் கீழே வேரை அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். அரிவாளை எடுக்குமுன், புதருக்குள் பறவைக் கூடு இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.