சாமி வந்து ஆடுவதை உளவியல் மனநோய் என்கிறதா?

இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், அதாவது கொடையில், அத்தைக்கு அம்மன் வரும். நையாண்டி மேளம் வேகம் பிடித்து, பெண்கள் குலவை போட்டதும் உடம்பு நடுங்கத் தொடங்கும். ஒருவர் கையில் வேப்பிலை கொடுப்பார். இன்னொருவர் "என்ன குறை வச்சோம் தாயே?" என்று கேட்பார். ஆடி முடிந்து திருநீறு பூசியதும் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். மறுநாள் காலை வழக்கம்போலப் பீடி சுற்ற உட்கார்ந்துவிடுவார்.

மாமா இறந்த வருடம் நடந்தது வேறு. நடுராத்திரியில், ஆளில்லாத அடுப்படியில் நடுக்கம் வந்தது. சோறு இறங்கவில்லை, பேச்சும் குறைந்துபோனது. சாமிதான் என்று நாங்கள் கைகூப்பி நின்றோம். மறுத்தவர், கொடையில் சாமியாடுகிற ஊர்க் கோமரத்தாடித் தாத்தா: "மேளம் இல்லாம, கூப்பிடாம வாறது சாமி இல்லப்பா. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க."

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய் வகைப்பாட்டைப் பின்னாளில் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. தன் விருப்பமில்லாமல், சமயமோ பண்பாடோ ஏற்கும் சூழலுக்கு வெளியே வந்து அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் ஆவேச நிலையை மட்டுமே அது கோளாறாகக் கணக்கில் எடுக்கிறது. தாத்தா சொன்னதும் அதுதானே!

சமய உளவியலின் முன்னோடி வில்லியம் ஜேம்ஸ் 1902இல் வெளியிட்ட நூலில், தனிமனிதர் தம் தனிமையில் உணர்வதையே சமயமாக எடுத்துக்கொண்டார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் என் அத்தை கண்ணில் படவே மாட்டார். குலவை போடுகிறவர்களும் கேள்வி கேட்கிறவரும் இல்லாமல் அவருக்கு அம்மன் வராது. அந்த அனுபவத்தில் பாதி, சுற்றி நிற்கிறவர்களிடம் இருக்கிறது.

நோயிலும்கூடப் பண்பாடு கலந்திருக்கிறது. மானிடவியலாளர் டான்யா லூர்மனும் அவருடைய குழுவினரும் சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மட்டேயோ ஆகிய ஊர்களில் தலா 20 மனச்சிதைவு நோயாளிகளிடம் அவர்கள் காதில் கேட்கும் குரல்களைப் பற்றிப் பேசினார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர் குரல். குளி, சமை என்று ஏவுகிற குரல். அக்ராவில் பலருக்குக் கடவுளின் குரல். அமெரிக்கர்களுக்கோ பெரும்பாலும் வன்முறையான, மிரட்டும் குரல்கள்.

அதற்காக எல்லாவற்றையும் நம்பிக்கை என்று விட்டுவிடவும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நம்பி அழைத்து வரப்பட்ட மனநோயாளிகள் இருந்த காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இதை நினைக்காமல் இந்தக் கேள்விக்கு என்னால் பதில் எழுத முடியாது.

அத்தை ஒரு வருடம் மாத்திரை சாப்பிட்டார். கொடையில் ஆடுவதைப் பற்றி டாக்டர் பொறுமையாக விசாரித்தார், நிறுத்தச் சொல்லவில்லை. அப்புறம் வந்த கொடையில் மேளம் ஏறியதும் அம்மன் வந்தது. தாத்தாவே எழுந்துபோய் வேப்பிலை கொடுத்தார்.